முதல் கல்லை உயரத்தில் வைக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "சார், ஒரு வருடமாக ஆன்லைனில் கோ ஆடுகிறேன். முதல் கல்லை 4-4 அல்லது 3-4இல் வை என்றுதான் எல்லாப் பாடத்திலும் சொல்கிறார்கள். போன வாரம் கறுப்பாக ஆடிய ஒருவர் 5-5, இன்னொரு 5-5, அப்புறம் பலகையின் நடுப்புள்ளி என்று வைத்தார். இரண்டு மூலையும் எனக்குக் கிடைத்தது. ஆனாலும் தோற்றேன். இப்படித் தொடங்குவது முறையான ஆட்டமா, ஏமாற்று வேலையா? இதற்கு எப்படி ஆட வேண்டும்?" ஆட்டப் பதிவையும் அனுப்பியிருக்கிறார். (கோ என்பது கோடுகள் வெட்டும் புள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்து, அதிக இடத்தை வளைக்கும் பலகை ஆட்டம். 3-4 என்றால் மூலையில் ஒரு ஓரத்திலிருந்து மூன்றாம் கோடும் இன்னொரு ஓரத்திலிருந்து நான்காம் கோடும் வெட்டும் புள்ளி.)

தம்பி, இது ஏமாற்று வேலை இல்லை. தொண்ணூறு வருடத்துக்கு முன்பே ஜப்பானின் மிகச் சிறந்த இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து, பெரிய ஆட்டங்களில் ஆடிக் காட்டிய முறை. ஆனால் அதன் கணக்கு வேறு. அது புரியாமல் மூலையை எடுத்துக்கொண்டால், ஜெயிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே தோற்போம். உங்கள் பதிவில் அதுதான் நடந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கோடுகளின் கணக்கைப் பார்த்துவிடலாம். பலகை 19க்கு 19, மொத்தம் 361 புள்ளி. ஓரத்திலிருந்து மூன்றாம் கோட்டில் நான்கு பக்கமும் ஒருவர் வரப்புப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 56 கல் ஆகும். வரப்புக்கும் ஓரத்துக்கும் இடையில் அவருக்குக் கிடைப்பது 136 புள்ளி. அந்த வரப்பை ஒட்டி, உள்பக்கம் நான்காம் கோட்டில் எதிராளி ஒரு சுற்று வரப்புப் போடுகிறார். அவருக்கு 48 கல், உள்ளே 121 புள்ளி. வகுத்துப் பாருங்கள்: மூன்றாம் கோட்டுக்காரருக்குக் கல் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.4 புள்ளி, நான்காம் கோட்டுக்காரருக்கு 2.5. கிட்டத்தட்ட சரிசமம்.

இப்போது இருவரையும் ஒரு கோடு மேலே ஏற்றுங்கள். நான்காம் கோட்டில் இருப்பவர் ஓரத்தைப் பிடிக்கிறார், ஐந்தாம் கோட்டில் இருப்பவர் நடுவைப் பிடிக்கிறார். ஓரத்துக்காரருக்கு 48 கல்லில் 192 புள்ளி. நடுவைப் பிடித்தவருக்கு 40 கல்லில் 81 புள்ளிதான். கல் ஒன்றுக்கு நான்கு எங்கே, இரண்டு எங்கே! ஒரே ஒரு கோடு ஏறியதில் சமநிலை இப்படிக் கவிழ்ந்துவிடுகிறது. மூன்றும் நான்கும் சாதாரணக் கோடுகள், ஐந்தும் அதற்கு மேலும் உயரம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு ஜோசெகி, அதாவது மூலையில் இருவரும் வழக்கமாக ஆடும் கல் வரிசை, சொல்லித் தருவதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்வேன். ஒருமுறை கையால் எண்ணிவிட்டால் அப்புறம் மறக்காது.

ஆனால் நிஜ ஆட்டத்தில் யாரும் சுற்றி வரப்புப் போடுவதில்லை. கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகின்றன, நடுவில் சண்டை வருகிறது. அந்தச் சண்டையில் உயரக் கல் செய்யும் வேலையை மேலே போட்ட கணக்கு பிடிக்காது. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூர் அணை தண்ணீரைத் தேக்குகிறது. கல்லணை திருப்பிவிடுகிறது. கல்லணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு, கொள்ளிடத்தில் எவ்வளவு என்று பிரிப்பதுதான் அதன் வேலை. 3-3 கல் மேட்டூர் மாதிரி, இருக்கும் இடத்திலேயே இருப்பு வைத்திருக்கும். 5-5 கல் கல்லணை மாதிரி. அதன் காலடியில் எத்தனை புள்ளி என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதிராளியை எந்தப் பக்கம் போக வைத்தது, அதனால் நம் சுவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, ஒவ்வொரு புள்ளியாக வருவோம். 5-3, 5-4 இரண்டும் பெயருக்குத்தான் விசித்திரம். கறுப்பு 5-4இல் வைக்கிறது, வெள்ளை 3-4இல் உள்ளே வருகிறது என்றால், நமக்குப் பழக்கமான வடிவம்தான் வந்து நிற்கும்: 3-4 கல்லை ஒரு புள்ளி தள்ளி உயரமாக அணுகிய வடிவம். ஒரே வித்தியாசம், அடுத்த முறை கறுப்புக்கு. அதாவது, வெள்ளை அந்த அணுகலுக்குப் பதில் சொல்லாமல் வேறிடத்தில் கல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தது போன்ற நிலை. இதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். 6-4 இன்னும் ஒரு எட்டு தள்ளி. வெள்ளை 3-4இல் வந்தால் அது இரண்டு புள்ளி தள்ளிய உயர அணுகல் ஆகிவிடும். மூலையில் வெள்ளைக்கு மூச்சுவிட நிறைய இடம் இருக்கும். கறுப்புக்குப் பக்கவாட்டில் வேகம் கிடைக்கும்.

5-5 வேறு ஜாதி. இரண்டு ஓரத்திலிருந்தும் ஐந்தாம் கோடு என்பதால் எந்தப் பக்கமும் சாய்வில்லை. 5-4இல் வைக்கும்போதே இந்தப் பக்கம்தான் என் ஆசை என்று சொல்லிவிடுகிறோம். 5-5 எதையும் சொல்வதில்லை. வெள்ளை 3-3க்கோ 3-4க்கோ வந்த பிறகு, எந்தப் பக்கத்தை அடைப்பது என்று கறுப்பு முடிவு செய்யலாம். அதற்குக் கொடுக்கும் விலை மூலை. விலையை முதல் கல்லிலேயே கொடுத்துவிட்டோம் என்பதை மனதார ஏற்றுக்கொண்டவர்தான் 5-5 ஆட வேண்டும்.

இதை என் தோல்வியில் கற்றுக்கொண்டேன். கல்லூரிக் காலத்தில், கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒட்டுப்பலகையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கறுப்புக்குப் புளியங்கொட்டையும் வெள்ளைக்குச் சோழியும் வைத்து ஆடிய நாட்கள். ஆடுபுலியில் என்னை ஓடஓட விரட்டும் பெரியப்பா மகன்தான் எதிரில். 5-5 என்று எங்கோ படித்ததும் இரண்டு மூலையில் வைத்தேன். அண்ணன் 3-3இல் நுழைந்ததும் எனக்குப் பதற்றம், என் மூலைக்குள் வந்துவிட்டாரே என்று. கீழே கீழே குனிந்து இரண்டாம் கோட்டில் தடுத்தேன், அவர் வேரை வெட்டப் பார்த்தேன். அவர் உயிரோடு தப்பினார். என் கற்களோ தாழ்வாகக் கிடந்தன. உயரக் கல்லை வைத்துவிட்டுத் தாழ்ந்த ஆட்டம் ஆடினால் இரண்டு பக்கத்து நஷ்டமும் ஒன்றாக வந்து சேரும். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, நுழைந்தவரை மூலைக்குள் சிறியதாக வாழவிட்டு, மேலிருந்து அழுத்தி, முடிந்தால் அடுத்துக் கல் வைக்கும் முறையையும் என் கையில் வைத்துக்கொண்டு, சுவர் பார்க்கும் பக்கத்துப் பெரிய புள்ளிக்கு ஓடுவது. அந்தப் பெரிய புள்ளிக்கு எதிராளி முதலில் போய்விட்டால் 5-5 கொடுத்த விலை அத்தனையும் வீண்.

இப்போது நடுப்புள்ளி, ஜப்பானியர் தெங்கென் என்பது. என் அம்மா இடைப்புள்ளிக் கோலத்துக்கு நடுவரிசையை முதலில் வைத்துவிட்டுத்தான் மேலும் கீழும் புள்ளியைக் குறைத்துக்கொண்டு போவார். கோலத்தில் நடுவிலிருந்து எல்லாம் பிறக்கும். கோ ஆட்டத்தில் அப்படி இல்லை. நடுவில் நிலம் கட்ட நான்கு பக்கமும் சுவர் வேண்டும், மூலையில் இரண்டு பக்கத்தைப் பலகையின் ஓரமே கட்டித் தந்துவிடுகிறது. ஆனாலும் நடுக்கல்லுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஏணி என்று சொல்கிறோமே, தப்பி ஓடும் கல்லை மாறி மாறி அடைத்துக்கொண்டே விரட்டும் வடிவம், அது மூலையிலிருந்து குறுக்காக நடுவை நோக்கித்தான் ஓடும். நடுவில் என் கல் இருந்தால் பெரும்பாலும் எந்த மூலையில் ஏணி தொடங்கினாலும் அது எனக்குச் சாதகம். ஏணியை நம்பி ஆடும் ஜோசெகிகள் எதிராளிக்கு உதவாமல் போகும். சண்டை மூண்டால்தான் நடுக்கல்லுக்கு வேலை. எதிராளி அமைதியாக ஓரங்களில் கட்டிக்கொண்டே போனால் அது சும்மா நிற்கும்.

நடுக்கல்லை நம்பித் தோற்றவர்களில் பழையவர் ஒருவர் உண்டு. 1670இல் ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் கோட்டையில் யாசுயி சான்டெட்சு, ஹோனின்போ என்ற கோ ஆட்டக் குடும்பத்துத் தோசாகுவுக்கு எதிராக முதல் கல்லையே தெங்கெனில் வைத்தார். அவர் வானியல் அறிஞர். பிற்காலத்தில் ஷிபுகாவா ஹருமி என்ற பெயரில் ஜப்பானின் நாள்காட்டியைத் திருத்தியவர், அது 1685இல் நடைமுறைக்கு வந்தது. வானம் ஒரு மையத்தைச் சுற்றுகிறது, பலகைக்கும் ஒரு மையம் உண்டு என்று நம்பி வைத்தார். ஒன்பது புள்ளியில் தோற்றார். அதன் பிறகு வந்த இருநூறு வருடங்களுக்கு மேல் ஜப்பானில் 3-4தான் ராஜா.

அதைக் கலைத்தது 1933. சீனாவில் பிறந்து 1928இல் ஜப்பானுக்கு வந்த கோ செய்கென், அவரைவிட ஐந்து வயது மூத்த கிதானி மினோரு. அந்தக் கோடையில் நகானோ மலைப்பகுதியில் ஜிகோகுதானி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் இருவரும் தங்கி, தொடக்க ஆட்டத்தை முதலிலிருந்து புதிதாக யோசித்தார்கள். ஷின்ஃபுசெகி, புதிய தொடக்கம் என்று அதற்குப் பெயர் வந்தது. மூலைக்கு இரண்டு கல் செலவழித்து அடைத்துக்கொண்டிருக்காமல், ஒரே கல்லில் மூலையை முடித்துவிட்டு, பக்கங்களுக்கும் நடுவுக்கும் வேகமாகப் போவது. 4-4, 3-3, 5-5, நடுப்புள்ளி எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள். 4-4 அடியோடு புதிதல்ல. சீனாவில் பழைய வழக்கப்படி ஆட்டம் தொடங்கும் முன்பே இருவருக்கும் குறுக்கு மூலைகளில் இரண்டிரண்டு 4-4 கல் வைத்துவிடுவார்கள். ஆனால் காலிப் பலகையில், தானே தேர்ந்தெடுத்து அதை ஆடுவது வேறு விஷயம்.

அதே வருடம் அக்டோபர் 16. கோ செய்கெனுக்கு வயது 19. எதிரில் ஹோனின்போ ஷூசாய், கோ ஆட்டத்தின் உச்சப் பட்டமான மெய்ஜின் பட்டம் தாங்கிய மூத்தவர். கறுப்பு எடுத்த கோ செய்கென் முதல் கல்லை 3-3இல் வைத்தார். அந்தப் புள்ளி ஹோனின்போ குடும்பத்தில் விலக்கி வைத்த இடம். மூன்றாவது கல், அதாவது அவருடைய இரண்டாவது, எதிர்மூலை 4-4. ஐந்தாவது நடுப்புள்ளி. ஒரே குறுக்குக்கோட்டில் மூன்று கல்! பலகையை ஒருமுறை மனதில் வரைந்து பாருங்கள் தம்பி, எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. பலமுறை ஒத்திவைத்து ஒத்திவைத்து, 1934 ஜனவரி 29இல் முடிந்தது. வெள்ளையின் 160ஆவது கல் ஆட்டத்தைத் திருப்பியது, கோ செய்கென் இரண்டு புள்ளியில் தோற்றார். அந்த இரண்டு புள்ளித் தோல்வியை வைத்து அந்தத் தொடக்கம் தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதே 1934இல்தான் நமக்கு மேட்டூர் அணை கட்டி முடிந்தது. கோ செய்கெனின் பிறந்த நாளும் ஜூன் 12, குறுவைக்கு மேட்டூர் திறக்கும் நாள். அந்தத் தேதி வரும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

கிதானி பிற்காலத்தில் தாழ்ந்த, நிலத்தை முதலில் எடுக்கும் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அவருடைய மாணவர் தகெமியா மசாகி, ஒரு பக்கத்தின் நான்காம் கோட்டில் குறியிட்ட மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் பிடித்து, நடுவில் மாபெரும் பரப்புக் கட்டும் ஆட்டத்தால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார். 'பிரபஞ்ச பாணி' என்றே அதைச் சொன்னார்கள். 1988, 1989 இரண்டு வருடமும் ஃபுஜித்சு கோப்பை என்ற சர்வதேசப் போட்டி அவருக்குத்தான். அவர் கற்களும் நான்காம் கோட்டில்தான் தொடங்கும், அங்கிருந்துதான் மேலே ஏறும். 5-5, தெங்கென் என்று நேரடியாகவே உச்சியில் தொடங்கிப் பார்த்தவர் யமாஷிதா கெய்கோ. நடுவை ஆசைப்படுபவர்கள் இந்த இருவரின் ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கணினி என்ன சொல்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். இலவசமாகக் கிடைக்கும் கடாகோ (KataGo) என்ற கோ ஆடும் மென்பொருளைக் காலிப் பலகையில் ஓடவிட்டால் 4-4, 3-4, 3-3 மூன்றையும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கும். 5-3, 5-4க்குக் கொஞ்சம் குறைக்கும். 5-5க்கும் நடுப்புள்ளிக்கும் இன்னும் குறைக்கும். ஆகவே உச்ச நிலையில் இவை கொஞ்சம் நஷ்டமான தொடக்கங்கள்தான், மறைக்க வேண்டாம். ஆனால் நீங்களும் உங்கள் எதிராளியும் ஆடும் நிலையில், நடு ஆட்டத்தில் ஒரு கற்கூட்டம் பிடிபட்டுச் செத்தால் இருபது முப்பது புள்ளி போய்விடும். அதற்கு முன்னால் முதல் கல்லின் இந்தச் சின்ன நஷ்டம் பெரிதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் தென்கொரியாவின் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், அந்நாட்டு ஆட்டக்காரர் லீ செடோலுக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தில் வைத்த 37ஆவது கல், நான்காம் கோட்டில் இருந்த வெள்ளைக் கல்லின் தோளில், அதாவது குறுக்காக மேலே, ஐந்தாம் கோட்டிலிருந்து விழுந்த கல். பார்த்துக்கொண்டிருந்த பெரிய ஆட்டக்காரர்களே தவறு என்று முதலில் நினைத்தார்கள். ஓரத்தை எதிராளிக்குக் கொடுத்து உயரத்தை வாங்கினால் லாபமும் உண்டு என்று அது காட்டியது. சூழ்நிலை அமைந்தபோது வைத்தது என்பதுதான் அதற்கும் முதல் கல்லாக 5-5 வைப்பதற்கும் உள்ள வேறுபாடு.

இனி உங்கள் ஆட்டம். கறுப்பு வலது மேல் 5-5, வலது கீழ் 5-5, நடுப்புள்ளி. உங்களுக்கு இடப்பக்கம் இரண்டு 4-4. ஆறாவது கல்லில் வலது மேல் 3-3இல் நுழைந்தீர்கள். தப்பில்லை. மேலிருந்து அழுத்தினார், நீங்கள் வாழ்ந்தீர்கள், அவர் சுவர் வலப்பக்கத்தைப் பார்த்து நின்றது. உடனே வலது கீழ் மூலைக்கும் போனீர்கள். அங்கேதான் எனக்கு வருத்தம். அந்த நிலையில் பலகையின் மிகப் பெரிய புள்ளி மூலையில் இல்லை, வலப்பக்கத்தின் நடுவில் இருந்தது. இரண்டு 5-5க்கும் இடையில், மூன்றாம் கோட்டில் ஒரு கல் வைத்திருந்தால், மேலேயோ கீழேயோ இரண்டு புள்ளி நீட்டி உட்கார இடம் இருந்தது. அவர் சுவர் எதைப் பார்த்து நின்றதோ அது அங்கேயே போயிருக்கும். கீழ் மூலை எங்கும் ஓடிப்போகாது. 5-5க்குக் கீழே மூலை ரொம்ப நேரம் திறந்தே இருக்கும், அவர் தாமாக ஒரு கல் செலவழித்து 3-4இல் அடைத்தால் ஒழிய. அப்படி அடைத்தாலும் உங்களுக்கு வேறிடத்தில் ஒரு கல் லாபம்.

இரண்டாவது மூலையும் முடிந்தபோது வலப்பக்கம் முழுவதும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் கிடந்தது. அப்போது போய் 42ஆவது முறையில், அதே மூன்றாம் கோட்டில் புகுந்தீர்கள். முன்பு நல்ல புள்ளியாக இருந்தது இப்போது பொறி ஆகிவிட்டது. விரட்டினார், நீங்கள் நடுவுக்கு ஓடினீர்கள், அங்கே அதுவரை சும்மா நின்ற நடுக்கல் காத்திருந்தது. பதினோரு கல் போயிற்று. ஆட்டமும் அதோடு போயிற்று.

அந்தப் பதிவை 41இல் நிறுத்தி, நண்பர் ஒருவரோடு மறுபடி ஆடிப் பாருங்கள். இந்த முறை உள்ளே புக வேண்டாம். வலப்பக்க நட்சத்திரப் புள்ளிக்கு நேரே, ஓரத்திலிருந்து ஏழாம் கோட்டில், மேலிருந்து லேசாக ஒரு கல் வையுங்கள். கறுப்பு கீழே அடைத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள், அவருக்குக் கிடைப்பது அவர் எதிர்பார்த்ததில் பாதி. வெட்ட வந்தால் நடுக்கல்லுக்கு மேலாகவோ கீழாகவோ ஒரே தாவலில் உங்கள் 4-4 பக்கம் போக வழி இருக்கிறது. கல் ஒன்றுதான் என்பதால் விட்டுவிட்டுப் போகவும் செய்யலாம். மூன்று தடவை ஆடிவிட்டு, மூன்று பதிவையும் எனக்கு அனுப்புங்கள்.